குலுக்கலுக்கு எதற்கு ஆலோசனைக் கட்டணம்?

"ஆஸ்திரேலியாவில் ஒரு வருடம் தங்கலாம், ஊர் சுற்றலாம், வேலையும் பார்க்கலாம். ஆலோசனைக் கட்டணம் மட்டும் கட்டுங்கள், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம்." இப்படி வாட்ஸ்அப்பில் வந்த செய்தியைக் காட்டி, கட்டலாமா வேண்டாமா என்று தென்காசி, குற்றாலம், கடையநல்லூர் பக்கத்துத் தம்பி தங்கைகள் எங்களிடம் கேட்கிறார்கள். பெரும்பாலோர் வீட்டின் முதல் பட்டதாரிகள். எங்கள் பதில் ஒரே வார்த்தைதான்: கட்டாதீர்கள்.

இது என்ன விசா என்று முதலில் பார்ப்போம். 2022 ஏப்ரலில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் கையெழுத்திட்ட வர்த்தக ஒப்பந்தத்தின் வழியாக வந்த 'ஒர்க் அண்ட் ஹாலிடே' விசா இது. எண் 462. ஆண்டுக்கு 1,000 இந்தியர்களுக்கு மட்டும். வயது 18 முதல் 30 வரை. பள்ளிக்குப் பிறகு இரண்டு வருடமாவது படித்திருக்க வேண்டும், ஓரளவு ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும். ஆளைத் தேர்ந்தெடுப்பது குலுக்கல் முறையில். பதிவுக் கட்டணம் 25 ஆஸ்திரேலிய டாலர். அந்த அரசின் இணையதளத்தில் நேரடியாகக் கட்டலாம். 2024 அக்டோபரில் முதல் பதிவு திறந்தபோது, இரண்டே வாரத்தில் சுமார் 40,000 பேர் பதிந்துவிட்டார்கள் என்று அந்நாட்டுத் துணை அமைச்சரே சொன்னார். நாற்பது பேரில் ஒருவருக்குக்கூட உறுதியில்லை.

கணினி போடுகிற குலுக்கலில் யாருடைய ஆலோசனை எடுபடும்? சிபாரிசு கிடையாது, மார்க் கிடையாது, ஒருவர் ஒரு தடவைதான் பதியலாம். செங்கோட்டை தாண்டி ஆரியங்காவில் கேரள லாட்டரி விற்கிறவர்கூட, "எந்தச் சீட்டுக்கு விழும் என்று சொல்கிறேன், அதற்குத் தனியாகக் கொடு" என்று கேட்பதில்லை. இவர்கள் கேட்கிறார்கள்.

'ஆலோசனை' என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். வெளிநாட்டு வேலைக்கு ஆள் எடுப்பவர் 1983ஆம் ஆண்டின் குடியேற்றச் சட்டப்படி அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கும் உச்சவரம்பு உண்டு: 30,000 ரூபாயும் அதற்கான ஜிஎஸ்டியும். "வேலை வாங்கித் தருகிறேன்" என்று ரசீதில் எழுதினால் இந்தச் சட்டம் பாயும். "ஆலோசனை" என்று எழுதினால் தப்பிக்க வழி பார்க்கலாம். விசா வராதபோது பணத்தைத் திருப்பிக் கேட்டால், "ஆலோசனை சொல்லிவிட்டோமே" என்பார்கள். இந்த விசா எந்த முதலாளியோடும் கட்டப்பட்டதல்ல. அங்கே போய் வேலையை நாமே தேட வேண்டும். பொதுவாக ஒரே முதலாளியிடம் ஆறு மாதத்துக்கு மேல் வேலை செய்யவும் முடியாது. ஆகவே "வேலை கன்பார்ம்" என்று யார் சொன்னாலும் எழுந்து வந்துவிடுங்கள்.

காசு கொடுத்து ஆலோசனை கேட்க வேண்டிய இடமே இல்லையா? ஒன்று இருக்கிறது, அது நம் பிள்ளைகளுக்குத்தான் அதிகம் நேரும். சாதி மோதலில் பொய் வழக்கு, சாலை மறியலில் வழக்கு என்று பெயர் ஏறிய இளைஞர்கள் நம் காலனிகளில் எத்தனை பேர்! வழக்கு விவரம் கேட்கப்பட்டால் உண்மையைச் சொல்லியாக வேண்டும். "அதை மறைத்துவிடலாம்", "கணக்கில் 5,000 டாலர் இருப்பதுபோல் நாங்களே போட்டுக் காட்டுகிறோம்" என்று ஒருவர் சொன்னால் அவர் உங்களைக் குழியில் தள்ளுகிறார். பொய்த் தகவல் பிடிபட்டால் விசா போகும், மூன்று வருடத்துக்கு அடுத்த விசாவுக்கும் தடை வரலாம். தடை உங்கள் பாஸ்போர்ட்டுக்குத்தான், அவருடைய கடைக்கு அல்ல. வழக்கு இருந்தாலோ, முன்பு விசா மறுக்கப்பட்டிருந்தாலோ, குலுக்கலில் பெயர் வந்த பிறகு, ஆஸ்திரேலியாவில் பதிவு பெற்ற முகவரிடமோ வழக்கறிஞரிடமோ கேளுங்கள். அந்த நாட்டுக்குள் இருந்து ஆலோசனை சொல்லும் முகவர் பதிவு பெற்றிருப்பது கட்டாயம். வெளிநாட்டில் கடை போட்டிருப்பவருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. பதிவுப் பட்டியலை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம்.

இவ்வளவும் தெரிந்தால் யார் கட்டுவார்கள்? தெரியாததால்தான் கட்டுகிறார்கள். தெரியாமல் இருப்பதற்குக் காரணம் சாதி. ஆதிக்கச் சாதி வீட்டுப் பையனுக்கு மெல்போர்னில் சித்தப்பா இருக்கிறார். ஒரு போனில் எல்லாம் தெரிந்துவிடுகிறது. பீடி சுற்றிப் படிக்கவைத்த அம்மாவின் மகளுக்கு அந்தச் சித்தப்பா இல்லை. மற்றவர்களுக்குச் சும்மா கிடைக்கிற சொல்லை நம் பிள்ளைகள் விலைக்கு வாங்குகிறார்கள். அதற்குக் காசு எங்கிருந்து வருகிறது? குழுக் கடன், அடகு வைத்த கம்மல், கந்துவட்டி.

கந்துவட்டி என்றால் என்னவென்று இந்த மாவட்டத்துக்குச் சொல்லித்தர வேண்டாம். 2003லேயே தடைச் சட்டம் வந்தது. 2017 அக்டோபர் 23 அன்று காசிதர்மத்தைச் சேர்ந்த ஒரு குடும்பம், இரண்டு சின்னக் குழந்தைகளோடு, நெல்லை ஆட்சியர் அலுவலகத்தில் தீக்குளித்தது. சட்டம் காகிதத்தில் இருந்தது.

கடனோடு கடல் தாண்டுவதும் நமக்குப் புதிதல்ல. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்கு நம் முன்னோரைக் கூட்டிப்போன கங்காணி, வழிச்செலவைக் கடனாக எழுதினான். அது 'துண்டு' என்ற சீட்டில் ஏறி, தோட்டம் மாறினாலும் ஆளோடு வந்தது. அந்த முறை 1921இல் ஒழிக்கப்பட்டது. இன்றைக்கு கங்காணி குளிர்சாதன அறையில் உட்கார்ந்து 'கன்சல்டன்ட்' என்று பலகை மாட்டியிருக்கிறான்.

நாங்கள் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போங்கள், உலகத்தைப் பாருங்கள். அண்ணல் அம்பேத்கர் 1913இல் கொலம்பியா போனார். கந்துவட்டியில் அல்ல, பரோடா அரசின் உதவித்தொகையில். விசாவுக்கே 650 டாலருக்கு மேல், கையில் 5,000 டாலர், அதற்கு மேல் டிக்கெட். காசு உள்ளவனுக்காக அளவெடுத்துத் தைத்த சட்டை இது. அரசு கை கொடுக்காமல் நம் பிள்ளைக்கு அது சேராது.

ஆகவே எங்கள் கோரிக்கை அரசிடம். அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் இருக்கிறது, தாட்கோ இருக்கிறது, அயலகத் தமிழர் நலத்துறை இருக்கிறது. தென்காசி 2019 நவம்பரிலேயே தனி மாவட்டம் ஆகிவிட்டது. மாதம் ஒரு நாள், ஆட்சியர் அலுவலகத்தில் ஒரு மேசை போட்டு, வெளிநாட்டு விசா பற்றி இலவசமாகச் சொல்ல ஓர் அலுவலரை உட்கார வையுங்கள். போலி முகவர் மீது புகார் வந்தால் அங்கேயே வாங்குங்கள்.

அதுவரை நம் இரவுப் பாடசாலைகளிலும் படிப்பகங்களிலும் அந்த மேசையை நாமே போடுவோம். ஏற்கெனவே விண்ணப்பித்தவர்கள் வந்து உட்காருங்கள். அடுத்தவருக்குப் படிவத்தை வாசித்துக் காட்டுங்கள். சித்தப்பா இல்லாத பிள்ளைக்குச் சித்தப்பாவாக இருப்போம்.

ஜெய் பீம்!