தோல்விக்கு மறுநாள் அணிந்த தொப்பி



நாம் நேசிக்கிற ஒருவர் வெற்றி பெறும் நாளில் அவர் அருகே நிற்பதற்கு இடம் கிடைப்பதில்லை. அவ்வளவு பெரிய கூட்டம் அவரைச் சூழ்ந்துகொள்ளும். அவர் தோற்றுப்போன நாளிலோ அவர் அருகே இடம் தாராளமாய் இருக்கும். வந்து நிற்பதற்குத்தான் ஆள் இருக்காது. இந்த உண்மையை ஒரு கல்லூரி மாணவனின் பழைய தொப்பியிலிருந்து நான் கற்றுக்கொண்டேன்.

2019-ஆம் ஆண்டு ஜூலை 14-ஆம் தேதி, ஞாயிற்றுக்கிழமை. மும்பைக்குச் சென்றிருந்த நான், திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைப்பைத் தேடி வந்து அங்கே வேரூன்றிவிட்ட ஒரு குடும்பத்தாரின் வீட்டில் அன்றிரவு தங்கினேன். அன்று லண்டன் மாநகரில் ஒரே நேரத்தில் இரண்டு இறுதிப்போட்டிகள் நடந்துகொண்டிருந்தன. லார்ட்ஸ் மைதானத்தில் இங்கிலாந்தும் நியூசிலாந்தும் உலகக் கோப்பைக் கிரிக்கெட்டில் மோதின. விம்பிள்டனில் ரோஜர் பெடரரும் நோவக் ஜோகோவிச்சும் டென்னிஸ் பட்டத்துக்காகப் போராடினார்கள். நான்கு நாட்களுக்கு முன்னர்தான் இந்தியா அரையிறுதியில் 18 ஓட்டங்களில் தோற்று வெளியேறியிருந்தது. ஆகையால் அந்த வீட்டு மகன், தகப்பனிடம் கெஞ்சித் தொலைக்காட்சியை டென்னிஸுக்கு மாற்றிக்கொண்டான். சிறு வயதிலிருந்தே பெடரர் என்றால் அவனுக்கு உயிர்.

டென்னிஸ் அறியாதவர்களுக்காகச் சற்று விளக்குகிறேன். பெடரருக்கு அப்பொழுது வயது 37, ஜோகோவிச்சுக்கு 32. ஆளுக்கு இரண்டு செட்கள் வென்ற நிலையில், கடைசிச் செட்டில் பெடரர் 8-7 என முன்னணியில் இருந்தார். சர்வீஸும் அவருடையதே. 40-15 என்ற நிலை. இன்னும் ஒரே ஒரு புள்ளி எடுத்தால் ஒன்பதாவது விம்பிள்டன் பட்டம் அவருடையது. அந்த ஒரு புள்ளியை எடுக்க அடுத்தடுத்து இரண்டு வாய்ப்புகள் இருந்தன. முதல் வாய்ப்பில் அவர் அடித்த பந்து கோட்டுக்கு வெளியே போனது. இரண்டாவது வாய்ப்பில் அவர் வலையை நோக்கி முன்னேறி வர, ஜோகோவிச் பந்தை அவருக்கு எட்டாதபடி குறுக்கே கடத்திவிட்டார். அதற்குப்பின் ஆட்டம் 12-12 வரை நீண்டு, டை பிரேக்கரில் முடிந்தது. கோப்பை ஜோகோவிச்சின் கையில்! 4 மணி 57 நிமிடம் நடந்த அந்த ஆட்டத்தைவிட நீண்ட ஒற்றையர் இறுதிப்போட்டியை விம்பிள்டன் அதுவரை கண்டதில்லை.

இதில் மிகவும் வேதனையானது என்ன தெரியுமா? எடுத்த மொத்தப் புள்ளிகளை எண்ணிப்பார்த்தால் பெடரர் 218, ஜோகோவிச் 204. வென்ற ஆட்டங்களை எண்ணினாலும் பெடரர் 36, ஜோகோவிச் 32. அதிகமாய் எடுத்தவர் தோற்றார். முக்கியமான நேரத்தில் எடுத்தவர் வென்றார். மூன்று டை பிரேக்கர்களும் ஜோகோவிச்சுக்கே சென்றன.

நள்ளிரவு நெருங்கியிருந்தது. அந்த இளைஞன் தொலைக்காட்சியை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தான். கண்களில் நீர். ஆறுதல் சொல்லுவதாக நினைத்துக்கொண்டு நான், "தம்பி, அவர் எட்டு முறை பட்டம் வென்றவர்; பெரிய கோடீஸ்வரர். அவருக்கு ஒரு குறைவும் இல்லை. உனக்கு ஏன் இந்தத் துக்கம்? விளையாட்டுதானே!" என்றேன். அவன் மறுத்துப் பேசவில்லை. "சரி, பாஸ்டர்" என்று சொல்லி, சாப்பிடாமலே சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் புறப்பட்டவனின் தலையில் ஒரு தொப்பி இருந்தது. பெடரரின் பெயரைக் குறிக்கும் ஆர்.எஃப். என்ற எழுத்துகள் பொறித்த, வெளுத்துப்போன தொப்பி. "இன்றைக்கா இதைப் போட்டுக்கொண்டு போகிறாய்? எல்லாரும் கேலி செய்யமாட்டார்களா?" என்று கேட்டேன். அவன் சொன்ன பதில் இன்றும் என் காதில் ஒலிக்கிறது: "கேலி செய்வார்கள், பாஸ்டர். அவர் ஜெயித்திருந்தால் இன்றைக்கு நான் இதைப் போடாமல் போனாலும் பரவாயில்லை. தோற்றதனால்தான் போட வேண்டும்."

அன்பானவர்களே, முந்தின இரவு நான் பேசிய வார்த்தைகளைக் குறித்து எனக்கு அப்பொழுதுதான் வெட்கம் உண்டாயிற்று. அவன் நேசித்தது கோப்பையை அல்ல, அந்த மனிதரை. அதை நான் அறியாமற்போனேன்.

அவனைப்போல் உலகமெங்கும் அநேகர் இருந்தார்கள். ஆடவர் தொழில்முறை டென்னிஸில் ரசிகர்கள் வாக்களித்து ஆண்டுதோறும் தங்கள் அபிமான வீரரைத் தேர்ந்தெடுப்பதுண்டு. 2003 முதல் 2021 வரை, தொடர்ந்து 19 ஆண்டுகள், அந்த விருது பெடரருக்கே கிடைத்தது. 2020-இல் அவர் ஆடியது ஒரே ஒரு போட்டித் தொடர். பின்பு முழங்காலில் அறுவை சிகிச்சை. 2021-இல் ஒரு பட்டமும் இல்லை; அவ்வாண்டு விம்பிள்டன் காலிறுதியில் போலந்து வீரர் ஹூபர்ட் ஹுர்காச்சிடம் கடைசிச் செட்டை 6-0 என்று இழந்தார். ஆயினும் அவர் வெளியேறும்போது அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. வெற்றிகள் வற்றிப்போன அந்த இரண்டு ஆண்டுகளிலும் ரசிகர்களின் வாக்கு மாறவில்லை.

இந்த நேசத்திலிருந்து நாம் கற்றுக்கொள்ளவேண்டிய காரியங்கள் மூன்று.

முதலாவது, தோற்றவரிடம் தவறுகளை எண்ணிக் காட்டாதிருங்கள். அந்த இரண்டு புள்ளிகளை எப்படி ஆடியிருக்க வேண்டும் என்று உலகமே பேசிற்று. அதை பெடரரைவிட அதிகமாய் நினைத்து வருந்தியவர் யாராயிருக்க முடியும்? தேர்வில் தோற்ற பிள்ளைக்குத் தான் எங்கே சறுக்கினோம் என்பது நம்மைவிட நன்றாய்த் தெரியும். திருத்துவதற்கு ஒரு காலம் உண்டு. அது முதல் இரவு அல்ல.

இரண்டாவது, வென்றவரைப் பகைக்காதிருங்கள். அன்று அரங்கத்தில் பெரும்பாலோர் பெடரரின் பக்கமே இருந்தார்கள். கூட்டம் "ரோஜர்" என்று ஆர்ப்பரிக்கும்போது அதை "நோவக்" என்று தான் கேட்டுக்கொள்வதாக ஜோகோவிச் பின்னர் கூறினார். எவ்வளவு தனிமையான வெற்றி! நாம் ஒருவரை நேசிப்பதை நிரூபிக்க இன்னொருவரை வெறுக்கவேண்டிய அவசியமில்லை. நம் பிள்ளைக்குக் கிடைக்காத இடம் பக்கத்து வீட்டுப் பிள்ளைக்குக் கிடைத்தால், அந்தப் பிள்ளையையும் மனதார வாழ்த்த நம்மால் முடிகிறதா?

மூன்றாவது, தோல்வியை வைத்து ஒரு மனிதரை முழுமையாய் அளந்துவிடாதிருங்கள். 2024-இல் அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பட்டமளிப்பு விழாவில் பெடரர் ஒரு கணக்கைச் சொன்னார். தாம் ஆடிய 1,526 ஒற்றையர் ஆட்டங்களில் ஏறக்குறைய 80 சதவீதத்தில் வென்றாராம்; ஆனால் ஆடிய புள்ளிகளில் வென்றது 54 சதவீதம் மட்டுமே. அதாவது, இவ்வளவு பெரிய வீரரும் ஏறத்தாழ இரண்டு புள்ளிகளுக்கு ஒன்றைத் தவறவிட்டவரே!

ஒரு எச்சரிப்பும் அவசியம். விளையாட்டு வீரர் மேலுள்ள பிரியம் படிப்பையும் உறக்கத்தையும் விழுங்கிவிடக்கூடாது. நண்பர்களுக்குள் சண்டையாய் மாறக்கூடாது. எல்லை மீறினால் பெற்றோர் அன்பாய்த் தடுக்க வேண்டும். ஆனால் அந்தக் கண்ணீரை மட்டும் ஏளனம் செய்யாதிருங்கள். தனக்கு ஒரு லாபமும் இல்லாத இடத்தில் உண்மையாய் நிற்கப் பழகுகிற பிள்ளை, நாளை உங்கள் முதுமையிலும் உங்களோடு நிற்கும்.

பெடரரின் கடைசி ஆட்டம் எப்படி முடிந்தது தெரியுமா? 2022-ஆம் ஆண்டு செப்டம்பர் 23-ஆம் தேதி, அதே லண்டனில், லேவர் கோப்பையில் ரஃபேல் நடாலுடன் இணைந்து இரட்டையர் ஆட்டத்தில் இறங்கினார். அன்றும் வெற்றிக்கு ஒரே புள்ளி மீதமிருக்க, சர்வீஸ் அவருடையதாகவே இருந்தது. அன்றும் அந்தப் புள்ளி கைநழுவி, 11-9 என்று தோற்றார். ஆனால் அவர் அருகே அமர்ந்து நடால் அழுதார். பல ஆண்டுகள் அவரை எதிர்த்து ஆடியவர் அவர். பெடரரைத் தோளில் தூக்கிக் கொண்டாடிய அந்த அணியில் ஜோகோவிச்சும் இருந்தார். கூட்டம் நெடுநேரம் ஓயாமல் கைதட்டிற்று. கோப்பை எதுவும் இல்லாத இரவு அது.

பிரியமானவர்களே, சொந்த ஊரை விட்டு வந்து பெருநகரத்தில் வாழ்கிற நமக்குத் தோல்வி இரட்டைப் பாரம். ஊரில் என்றால் திண்ணையில் வந்து உட்கார நாலு பேர் உண்டு. இங்கே வேலை இழந்தவர் கதவைச் சாத்திக்கொள்கிறார். வியாபாரத்தில் நொடித்தவர் தொலைபேசியை எடுப்பதில்லை. மதிப்பெண் குறைந்த பிள்ளை மாடிப்படியில் யாரையும் பார்க்காமல் ஏறிப்போகிறது. உங்களுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஒருவர் இந்த மாதம் இல்லையா? அவர் நன்றாயிருந்தபோது அவர் வீட்டில் விருந்து உண்டவர்கள் நாம் அல்லவா?

இன்றே அவரைத் தேடிப் போங்கள். அறிவுரை எதுவும் எடுத்துச் செல்ல வேண்டாம். அருகே சற்று நேரம் உட்கார்ந்திருந்து, ஒரு வாய் காப்பி குடித்துவிட்டு வாருங்கள். நாலுபேர் பார்க்க அவரோடு தெருவில் நடந்து வாருங்கள். அந்த மாணவனின் தலையிலிருந்த வெளுத்த தொப்பிக்கு அதுவே பொருள்.