மனச்சோர்வுக்குப் பெயர் ஈமான் குறைவா?

"தூக்கம் வரலை, சாப்பிடப் பிடிக்கலை, எதுக்கு உயிரோட இருக்கணும்னு தோணுது" என்று ஒருவன் வாய்விட்டுச் சொன்னால் போதும். சுற்றி இருக்கும் நாலு பேர் உடனே வைத்தியர் ஆகிவிடுவார்கள். ஒருவர், "தொழுகையில் கவனம் இல்லை, ஈமான் குறைவு" என்பார். இன்னொருவர் தாயத்து, ஓதிய தண்ணீர் என்று ஆரம்பிப்பார். மூன்றாமவர் பகுத்தறிவுப் பேர்வழி. "சாமி, மதம் எல்லாத்தையும் தூக்கிப் போடு, சரியாயிடும்" என்பார். மூன்று பேரும் மூன்று திசை. ஆனால் செய்வது ஒரே காரியம்... சொல்ல வந்தவனின் வாயை அடைப்பது!

முதலாமவரிடம் ஒரு கேள்வி. மர்யம் (அலை) அவர்களுக்கு ஈமான் குறைவா? பிரசவ வலியில், துணைக்கு ஆளில்லாமல், ஊர் என்ன பேசுமோ என்ற பயத்தில், இதற்கு முன்பே இறந்து போயிருக்கக் கூடாதா என்று அவர்கள் ஏங்கியதைக் குர்ஆனே (19ஆம் அத்தியாயம்) சொல்கிறது. அதற்கு வந்த பதில் கண்டிப்பு இல்லை. கவலைப்படாதே என்ற ஆறுதல், குடிக்கத் தண்ணீர், சாப்பிடப் பேரீச்சம்பழம். இறைவனே திட்டாத இடத்தில் பக்கத்து வீட்டுக்காரர் ஏன் திட்டுகிறார்?

யஃகூப் (அலை) மகனை நினைத்து அழுது அழுது கண் பூத்துப் போனார்கள். அல்லாஹ்வின் அருளில் நம்பிக்கை இழக்காதீர்கள் என்று சொன்னதும் அதே யஃகூப்தான் (12:87). அழுகையும் நம்பிக்கையும் ஒரே நெஞ்சில் இருந்தன. இன்னொன்றையும் கவனியுங்கள். அந்த வசனம் தொடங்குவதே, போய் யூசுஃபைத் தேடுங்கள் என்ற கட்டளையோடுதான். மர்யமுக்கும் பழம் தானாக மடியில் விழவில்லை, மரத்தை உலுக்கச் சொல்லப்பட்டது. ஹாஜர் அம்மையார் ஸஃபாவுக்கும் மர்வாவுக்கும் ஏழு முறை ஓடினார்கள். இஸ்லாத்தில் நம்பிக்கை என்றால் சும்மா உட்கார்ந்திருப்பது அல்ல, தேடிப் போவது. எந்த நோய்க்கும் மருந்து உண்டு, சிகிச்சை செய்துகொள்ளுங்கள் என்பது நபி (ஸல்) அவர்களின் போதனை. அதில் மனதுக்கு மட்டும் விலக்கு இருப்பதாக யாரும் காட்ட முடியாது.

"இதெல்லாம் இந்தக் காலத்து டாக்டர்கள் கிளப்பிவிட்டது" என்பவர்களுக்கு ஒரு தகவல். பத்தாம் நூற்றாண்டிலேயே அபூ ஸைத் அல்-பல்கீ என்ற அறிஞர் உடல் நலத்தையும் மன நலத்தையும் சேர்த்து ஒரே நூலாக எழுதினார். காரணம் தெரிந்த துக்கம் வேறு, காரணமே தெரியாமல் வரும் துக்கம் வேறு என்று பிரித்தார். இரண்டாவது வகைக்கு உடலில் மூலம் இருக்கலாம், மருத்துவம் தேவை என்றார். ஆயிரம் வருடத்துக்கு முந்தைய முஸ்லிம் அறிஞருக்குப் புரிந்தது இன்று சிலருக்குப் புரியவில்லை!

அடுத்து தாயத்துக்காரர். 2001 ஆகஸ்ட் 6 மறந்துவிட்டதா? ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில், தர்காவை நம்பி வந்தவர்களை வைத்திருந்த தனியார் காப்பகத்தின் ஓலைக்கொட்டகை எரிந்தது. 28 மனநோயாளிகள் இறந்தார்கள். சங்கிலியில் கட்டியிருந்தார்கள், ஓட வழியில்லை. அவர்களைக் கொன்றது நம்பிக்கை அல்ல, நம்பிக்கையை வைத்து நடந்த வியாபாரம். சங்கிலி போடுவதை 2017ஆம் ஆண்டு மனநலச் சட்டம் அடியோடு தடை செய்தது. அதே ஏர்வாடியில் பின்னர் அரசு மனநல சிகிச்சை 'தவா-துவா' திட்டமாக வந்தது. தவா என்றால் மருந்து, துவா என்றால் பிரார்த்தனை. இரண்டும் சண்டை போட்டுக்கொள்ளவில்லையே!

மூன்றாமவருக்கும் ஒரு வார்த்தை. மனச்சோர்வு முதலில் தின்பது ஒருவனின் நாளைத்தான். காலை, மாலை என்ற வித்தியாசமே போய்விடும். அவனை ஒரு நாளைக்கு ஐந்து முறை எழுப்பி, முகம் கழுவ வைத்து, தோளோடு தோள் நிற்க வைக்கும் ஒன்றை எதற்குப் பிடுங்க வேண்டும்? ராத்திரி மூணு மணிக்கு எந்த நண்பனும் போனை எடுக்க மாட்டான். தஹஜ்ஜுத்தில் கேட்கிறவன் இருக்கிறான் என்ற நினைப்பே சிலரை விடியும்வரை தாங்குகிறது. விடிந்த பிறகு டாக்டரிடம் போகலாம்.

ஆனால் கலிமா சொன்ன மறுநாளே இருட்டு விலகிவிடும் என்றும் கதை விட வேண்டாம். 25 வயது வரை தற்கொலை எண்ணம் வந்துகொண்டிருந்ததாக ஏ.ஆர்.ரஹ்மான் 2018ல் வெளிப்படையாகச் சொன்னார். அந்த வயதுக்கு முன்பே அவர் இஸ்லாத்துக்கு வந்துவிட்டார். நம்பிக்கை மந்திரக்கோல் இல்லை, ஊன்றுகோல். நடக்க வேண்டியது கால்தான்.

தற்கொலை ஹராம்... உண்மை. அது கிணற்றைச் சுற்றிக் கட்டிய சுவர். சுவரைக் காட்டி மிரட்டுவதோடு கடமை முடியாது, கிணற்றடியில் நிற்பவனைக் கைபிடித்து வீட்டுக்குக் கூட்டி வர வேண்டும். நோயாளிக்கு உட்கார்ந்து தொழ, முடியாவிட்டால் படுத்துத் தொழ மார்க்கம் சலுகை தந்திருக்கிறது. நோன்பையும் பிறகு வைக்கலாம். ரமழான் என்று மன நோய் மாத்திரையைத் தானாக நிறுத்துபவர்கள் இதைக் கவனிக்கட்டும்.

விழுப்புரம்-திண்டிவனம் பஸ்ஸில் முண்டியம்பாக்கத்தில் இறங்கினால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை. 2010லிருந்து இருக்கிறது. பிஸ்மில்லாஹ் சொல்லி ஓ.பி. சீட்டு வாங்குவதால் யாருடைய ஈமானும் குறைந்துவிடாது. போக முடியாதவர்கள் 14416ஐ எந்த நேரத்திலும் அழைக்கலாம், இலவசம், தமிழிலேயே பேசலாம்.

அடுத்த முறை ஒருவன் "முடியலை" என்று சொன்னால் அவனுடைய ஈமானை அளக்காதீர்கள். சாப்பிட்டானா என்று கேளுங்கள். துஆ செய்யுங்கள், கூடவே பஸ் ஏறுங்கள்.