மீட்டர் பெட்டிக்குள் ஒரு குடும்பம்



போன மாதம் அருப்புக்கோட்டையில் அத்தை வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் சுவரில் ஒரு பழைய மரப்பெட்டி. ஒரு காலத்தில் கரண்ட் மீட்டர் இருந்த பெட்டி. மீட்டரை வேறு இடத்துக்கு மாற்றியதில் இது சும்மா கிடக்கிறது. "இங்க வந்து பாரு" என்று அத்தை கூப்பிட்டுக் காட்டினார். பெட்டியின் ஓரத்து விரிசலிலிருந்து பென்சில் பருமனில் ஒரு குழாய் நீட்டிக்கொண்டிருந்தது. கறுப்பும் பழுப்புமாக, பிசினால் செய்த குழாய். அதன் வாயில் நாலைந்து பூச்சிகள் தலையை மட்டும் வெளியே காட்டிக் காவல் இருந்தன. கொசுவைவிடக் கொஞ்சம்தான் பெரிசு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஒன்று வந்து இறங்கியது. பின்னங்கால் இரண்டிலும் மஞ்சள் மூட்டை. காவல் விலகி வழிவிட, உள்ளே போய்விட்டது.

கொசுத்தேனீ! கொட்டத் தெரியாத தேனீ.

"மருந்து அடிச்சு விட்ருங்கன்னு பக்கத்து வீட்ல சொன்னாங்க. நான்தான் வேணாம்னுட்டேன். அது பாட்டுக்கு இருந்துட்டுப் போகட்டுமே" என்றார் அத்தை.

ஊர் திரும்பும் வரை அந்த வார்த்தைதான் மனசில் ஓடிக்கொண்டிருந்தது. நம்மில் எத்தனை பேர் இப்படிச் சொல்கிறோம்? தேனீ என்று கண்ணில் பட்டதும் கை முதலில் எதைத் தேடுகிறது? விளக்குமாற்றையா, ஸ்ப்ரே டப்பாவையா?

அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்து வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வானம் பார்த்த கரிசல் பூமி. குண்டாற்றில் மணல்தான் ஓடுகிறது. இந்தக் காட்டில் தேனீ எதைத் தின்று பிழைக்கிறது? தை பிறக்கும் சமயம் கொத்தமல்லிக் காடு வெள்ளையாகப் பூத்து நிற்கும். சூரியகாந்தி போட்டவர்கள் தோட்டத்தில் கொஞ்ச நாள் விருந்து. பங்குனி, சித்திரையில் வேம்பும் புங்கையும் பூக்கும், அதற்குப் பின்னால் புளி. மல்லிகைக்குப் பேர் போன ஊர்தான். அரும்புக்கோட்டைதான் அருப்புக்கோட்டை ஆனது என்று சொல்வோரும் உண்டு. ஆனால் மல்லிகையை மொட்டாகவே பறித்துவிடுகிறோம். தேனீக்கு அதில் என்ன மிஞ்சும்?

எதுவும் பூக்காத நாளில் அதற்குக் கை கொடுப்பது சீமைக்கருவேலம். நானும் அந்த மரத்துக்கு வக்காலத்து வாங்கவில்லை. கண்மாய்களை அது என்ன பாடு படுத்தியிருக்கிறது என்று கண்ணால் பார்த்தவன். 2017-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொன்னபோது மகிழ்ந்தவன். வெட்டட்டும். ஆனால் ஜேசிபி வந்து போன இடம் வெறும் பொட்டலாகக் கிடப்பதைப் பார்க்கும்போது ஒன்று கேட்கத் தோன்றுகிறது. வெட்டிய இடத்தில் ஒரு வேம்பு, ஒரு புங்கை, ஒரு வாகை, ஒரு இலந்தை வைத்தோமா? நம் ஊர் மரத்தை வைக்காமல் அந்த மரத்தை மட்டும் எடுத்தால், தேனீயின் அடுப்பை அணைத்துவிட்டு வந்த மாதிரிதான்.

"தேனீ இருந்தால் என்ன, இல்லாவிட்டால் என்ன சார், தேன் கடையில் கிடைக்கிறது" என்று ஒரு நண்பர் சொன்னார். தேனை விடுங்கள். உங்கள் வீட்டுக் கொல்லையில் பூசணிக்கொடி இருக்கிறதா? மஞ்சள் மஞ்சளாகப் பூக்கும், குட்டிப் பிஞ்சும் பிடிக்கும். நாலே நாளில் பிஞ்சு வெளிறி, வெம்பி விழுந்துவிடும். "கண்ணு பட்டிருச்சு" என்போம்.

கண் படவில்லை. தேனீ வரவில்லை. பூசணியில் ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியற்காலையில் விரிந்து, வெயில் ஏறுவதற்குள் கூம்பிவிடும். அந்த ரெண்டு மூணு மணி நேரத்துக்குள் யாராவது ஆண் பூவின் தூளைப் பெண் பூவில் கொண்டு சேர்க்க வேண்டும். அந்த வேலையைச் செய்துகொண்டிருந்தவர்களைத்தான் நாம் மருந்து அடித்து விரட்டினோம்.

முருங்கைப் பூவில் கன்னங்கரேலென்று ஒரு பெரிய வண்டு "ம்ம்ம்" என்று சுற்றுமே, அதுவும் தேனீ இனம்தான். பட்டுப்போன மரத்தில், மூங்கிலில் துளை போட்டுக் குடியிருக்கும். கத்தரிப் பூவைப் பிடித்துக்கொண்டு அது உடம்பை அதிர வைத்தால் மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். கூட்டில் தேன் வைக்கும் தேனீக்கு இந்த வித்தை வராது. உலகத்தில் 20,000-க்கும் மேற்பட்ட தேனீ வகைகள் இருக்கின்றன. அதில் பெரும்பாலானவை கூட்டமாக வாழாமல் தனியாக மண்ணிலும் மரத்திலும் குடியிருப்பவை. தேன் தராத அந்தத் தேனீக்கள்தான் நம் வீட்டுச் சாம்பாருக்குக் காய் தருகின்றன. வேறு என்ன வேண்டும்?

இன்னொரு விஷயம். பஸ் ஸ்டாண்ட் டீக்கடை ஓரத்தில் குப்பைக் கூடையை என்றாவது குனிந்து பார்த்திருக்கிறீர்களா? குடித்துப் போட்ட பேப்பர் கப்பின் அடியில் சொட்டு டீயும் கரையாத சர்க்கரையும். அதை நக்க வந்த தேனீ அதிலேயே சிக்கிச் செத்துக் கிடக்கும். தமிழ்நாட்டு ஆய்வாளர்கள் கடை கடையாக நின்று இப்படிச் சாகும் தேனீக்களை எண்ணி, 2011-ல் 'கரண்ட் சயின்ஸ்' இதழில் எழுதினார்கள். ஆயிரக்கணக்கில் செத்திருந்தன. ஒரு தேனீ தன் ஆயுசு முழுக்கப் பறந்து பறந்து சேர்க்கும் தேன், ஒரு டீஸ்பூனில் பன்னிரண்டில் ஒரு பங்குதான் என்பார்கள். அந்த ஆயுசு நம் எச்சில் கப்பில் முடிகிறது. பிளாஸ்டிக் பூச்சுள்ள பேப்பர் கப்புக்கு 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை இருக்கிறது. இருந்தும் கடைக்குக் கடை அதுதானே இருக்கிறது? "அண்ணே, கிளாஸ்ல குடுங்க" என்று கேட்க நமக்கு என்ன கூச்சம்?

தேனீ கொட்டும் என்ற பயம் நியாயமானதுதான், மறுக்கவில்லை. தண்ணீர் டேங்கிலும் கோபுரத்திலும் பெரிய முறம் மாதிரி தொங்கும் மலைத்தேனீக் கூடு விளையாட்டில்லை. அதன் அடியில் வெடி போட்டு, ஊரே கொட்டு வாங்கிய கதை எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் யார் முதலில் வம்புக்குப் போனது? புகை, நெருப்பு, வெடி, கல்லெறி இந்த நாலும் இல்லாவிட்டால் பெரும்பாலும் அது பாட்டுக்கு இருக்கும். மலைத்தேனீ நிரந்தரக் குடி இல்லை. பருவம் முடிந்தால் கூட்டை விட்டுவிட்டு இடம் பெயர்ந்துவிடும். பிள்ளைகள் நடமாடும் இடத்தில் கட்டியிருந்தால் தீயணைப்புத் துறைக்குச் சொல்லுங்கள்; நீங்களே பந்தம் கொளுத்திக்கொண்டு ஏறாதீர்கள். துரத்தினால் கையை வீசாமல், முகத்தை மூடிக்கொண்டு வீட்டுக்குள் ஓடிக் கதவைச் சாத்துங்கள். கொட்டினால் கொடுக்கை உடனே நகத்தால் வழித்தெடுங்கள். நிறைய கொட்டியிருந்தாலோ, மூச்சு வாங்கினாலோ தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

திருச்சுழியில் 1879 டிசம்பர் 30-ல் பிறந்த ரமண மகரிஷியைப் பற்றி ஒரு சம்பவம் சொல்வார்கள். அருணாசல மலையில் நடந்துபோகும்போது அவர் கால் தெரியாமல் ஒரு குளவிக் கூட்டில் பட்டுவிட்டது. குளவிகள் அந்தக் காலையே மொய்த்துக் கொட்டின. அவர் ஓடவில்லை. அவற்றின் வீட்டைக் கலைத்த கால் இதுதானே என்று, ஆத்திரம் தீரும் வரை அப்படியே நின்றார். நாம் மகான்கள் இல்லை. அப்படி நிற்க வேண்டாம். அது அவற்றின் வீடு என்ற நினைப்பு நமக்கும் இருந்தால் போதும்.

அது ஒரு மகானின் கதை என்று தள்ளிவிடாதீர்கள். பக்கத்துச் சிவகங்கை மாவட்டத்தில் கொள்ளுக்குடிப்பட்டி என்று ஒரு கிராமம், வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டி. கண்மாய்க்கு வரும் பறவைகள் மிரளக்கூடாது என்று, அந்த மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்குக்கூட வெடி போடுவதில்லை. அங்கே உள்ள சின்னப் பிள்ளைகளும் கேட்பதில்லை. பறவைக்காக ஓர் ஊரே ஒரு பண்டிகைச் சந்தோஷத்தை விட்டுக்கொடுக்க முடிகிறதென்றால், நாம் தேனீக்காகக் கொஞ்சம் விட்டுக்கொடுக்க முடியாதா?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. துளசிச் செடியில் கதிர் வந்ததும் கிள்ளிவிடுகிறோம் இல்லையா? ரெண்டு கதிரை மட்டும் விட்டுவிடுங்கள். காலையில் யார் வருகிறார்கள் என்று பாருங்கள். தொட்டியில் கொத்தமல்லி முற்றிப் பூத்துவிட்டால் பிடுங்காதீர்கள். காடு கழனி உள்ளவர்கள், பருத்திக்கோ சூரியகாந்திக்கோ மருந்து அடித்தே ஆக வேண்டுமென்றால், பூப் பருவத்தில் காலையில் அடிக்காமல் தேனீ கூடு திரும்பிய பிறகு சாயங்காலத்தில் அடியுங்கள். ஊர் அய்யனார் கோயிலைச் சுற்றி இருக்கும் காட்டை, "சுத்தம் பண்றோம்" என்று யாராவது வந்தால் நாலு பேராகப் போய்த் தடுங்கள். இந்தப் பக்கத்தில் தேனீக்கு அடைக்கலம் தரும் பெரிய மரங்கள் அங்கேதான் மிச்சமிருக்கின்றன.

சித்திரை வெயில் வந்துவிட்டது. மாடியில், நிழல் விழும் இடமாகப் பார்த்து ஒரு மண் தட்டில் தண்ணீர் வையுங்கள். தேனீக்கு நீந்தத் தெரியாது. நாலு கூழாங்கல்லைப் போட்டு, கல்லின் தலை தண்ணீருக்கு மேலே தெரியும்படி வையுங்கள். கொசு பெருகாமல் இருக்க ஒருநாள் விட்டு ஒருநாள் தண்ணீரை மாற்றிவிடுங்கள். முதல் ரெண்டு நாள் யாரும் வரமாட்டார்கள். பொறுத்திருங்கள்.

உங்கள் தட்டுக்கு முதலில் வந்தது எது? கொசுத்தேனீயா, கிளையில் ஒற்றை அடை கட்டும் கொம்புத்தேனீயா, பொந்தில் அடுக்கடுக்காக அடை கட்டும் அடுக்குத்தேனீயா? பிள்ளைகளைப் பார்க்கச் சொல்லி, ஒரு போஸ்ட் கார்டில் எழுதிப் போடுங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்