பின் சீட்டில் உட்கார்ந்தவர்கள் பேச வேண்டாம்

பழைய கார் ஓட்டுவதில் இருந்த சுகம் புதுக் காரில் இல்லை என்று யாராவது சொன்னால், முதலில் அவரிடம் ஒரு கேள்வி கேளுங்கள். "ஐயா, நீங்கள் முன் சீட்டா, பின் சீட்டா?"

நம் பெரம்பலூர், அரியலூர்ப் பக்கம் அம்பாசிடரைப் பற்றி உருகிப் பேசுகிறவர்களில் முக்கால்வாசிப் பேர் அதன் ஸ்டியரிங்கைத் தொட்டதே கிடையாது. சோபா மாதிரி சீட்டு, கல்யாணத்துக்கு ஒன்பது பேர் ஏறினோம், டிக்கியில் இரண்டு மூட்டை வெங்காயம் போட்டோம் என்பார்கள். எல்லாம் உண்மை. ஆனால் அது போன சுகம். ஓட்டிய சுகம் வேறு. அந்த ஒன்பது பேருக்கும் மூட்டைக்கும் சேர்த்து பிரேக் மிதித்தவனைக் கேட்டால் வேறு கதை வரும்.

நான் மிதித்தவன். 1978இல் அரசுத் துறை ஒன்றில் டிரைவராகச் சேர்ந்து 2010இல் ஓய்வு பெற்றேன். அம்பாசிடர் மார்க் 3, பிறகு மார்க் 4 டீசல், நடுவில் சில ஆண்டுகள் ஜீப். இப்போது மகன் வாங்கிய புது வண்டியை ஓட்டுகிறேன். பவர் ஸ்டியரிங், ஏசி, ஆறு ஏர்பேக், நடுவில் டிவி மாதிரி ஒரு திரை. இரண்டையும் ஓட்டியவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஓட்டுகிறவனுக்கு வண்டி என்றால் பழைய வண்டிதான். புதியது நம்மை ஏற்றிக்கொண்டு போகிறது, அவ்வளவுதான்.

தம்பி மகன் சென்னையில் வேலை பார்க்கிறான். பொங்கலுக்கு வந்தபோது இதைச் சொன்னதும் சிரித்தான். "பெரியப்பா, அம்பாசிடர்ல என்ன இருக்கு? அது ஓட்டுறதா, மல்லுக்கட்டுறதா?" என்றான். "மல்லுக்கட்டுறதுக்குப் பேருதான்டா ஓட்டுறது" என்றேன். அவனுக்குப் புரியவில்லை. அதனால் விவரமாக எழுதுகிறேன்.

அம்பாசிடரில் கியர் ஸ்டியரிங் தண்டோடு இருக்கும். நான்கு கியர். முதல் கியருக்கு சிங்க்ரோமெஷ் கிடையாது. அதாவது வண்டி உருண்டுகொண்டிருக்கும்போது முதல் கியருக்கு இறங்க முடியாது. இறங்கத்தான் வேண்டும் என்றால் கிளட்சை மிதித்து நியூட்ரலுக்குக் கொண்டுவந்து, கிளட்சை விட்டு, ஆக்சிலேட்டரை ஒரு மிதி மிதித்து, எஞ்சின் சத்தம் சரியான இடத்துக்கு வரும்போது மறுபடி கிளட்சை மிதித்துப் போட வேண்டும். கை, கால், காது மூன்றும் ஒரே நொடியில் சேர வேண்டும். சேர்ந்தால் வெண்ணெயில் கத்தி இறங்குவது போல விழும். சேராவிட்டால் பல் கடிக்கும் சத்தம் பின் சீட்டில் இருக்கும் அதிகாரி வரை கேட்கும். ஹெட்லைட்டை டிம் செய்கிற சுவிட்ச் கீழே இடது காலுக்கு. இரவில் எதிரே லாரி வரும்போது கிளட்ச் மிதிக்கும் காலே அதையும் தட்ட வேண்டும்.

நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். மழைக்காலத்தில் தரைப்பாலத்துத் தண்ணீரில் இறங்கி ஏறினால் டிரம்முக்குள் தண்ணீர் போய்விடும். மேலே ஏறியதும் வேகம் எடுக்காமல், பிரேக்கை லேசாக மிதித்தபடியே நூறு இருநூறு கஜம் போய் அதைக் காயவைக்க வேண்டும். இதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித்தரவில்லை. ஒரு மூத்த டிரைவர் சொன்னார். கொல்லிமலையில் எழுபது கொண்டை ஊசி வளைவு. அதில் இறங்கும்போது பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் பாதியில் டிரம் சூடேறி, மிதித்தும் பிடிக்காது. இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டே வண்டியைப் பிடித்து இறக்க வேண்டும். மாட்டை மூக்கணாங்கயிற்றில் பிடிப்பது மாதிரி.

இப்போது ஸ்டியரிங்குக்கு வருகிறேன். என் வாதத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. நம்முடையது கரிசல் பூமி. ஒரு மழை பெய்தால் போதும், வயலிலிருந்து ஏறும் டிராக்டர் டயரோடு சேறு வந்து தார் ரோட்டில் அப்பிவிடும். பார்வைக்கு ஈரம் மாதிரிதான் இருக்கும். மிதித்தால் எண்ணெய். அம்பாசிடரில் முன் சக்கரம் அதன்மேல் ஏறிய கணமே ஸ்டியரிங் கையில் லேசாகிவிடும். கண் பார்ப்பதற்கு முன் உள்ளங்கைக்குத் தெரியும். அறுவடைக் காலத்தில் ரோட்டில் மக்காச்சோளம் காயப்போடுவார்கள், அதுவும் அப்படித்தான். மகன் வண்டியில் ஒற்றை விரலால் ஸ்டியரிங்கைச் சுற்றலாம். சேறும் ஒன்றுதான், சோளமும் ஒன்றுதான், நல்ல தாரும் ஒன்றுதான். கை ஒன்றுமே அறியாது. வண்டி சறுக்கியபின் ஏபிஎஸ் கடகடவென்று காலை உதைக்கும்போதுதான் தெரியும். காப்பாற்றும், மறுக்கவில்லை. ஆனால் முன்கூட்டிச் சொல்லாது.

இது நம் அம்பாசிடருக்கு மட்டும் உள்ள சங்கதி என்று நினைத்துவிடாதீர்கள். தம்பி மகனே அவன் போனில் ஒரு சிவப்பு ஃபெராரியைக் காட்டினான். எஃப் 40. அந்தக் கம்பெனியின் நாற்பதாம் ஆண்டுக்காக 1987இல் வந்தது. 478 குதிரைத்திறன். அதில் பவர் ஸ்டியரிங் கிடையாது, ஏபிஎஸ் கிடையாது, பிரேக்குக்கு பூஸ்டர் கிடையாது. கதவைத் திறக்க உள்ளே ஒரு கயிறு! 1992இல் கார்டன் மர்ரே என்பவர் வடிவமைத்த மெக்லாரன் எஃப் 1 வந்தது. டிரைவர் சீட்டு நட்டநடுவில். 1998இல் அது 386 கிலோமீட்டர் வேகம் தொட்டது. அதிலும் பவர் ஸ்டியரிங் இல்லை. அப்படி ஒரு வண்டி 2021இல் அமெரிக்காவில் இரண்டு கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது. இன்றைய சூப்பர் கார்களில் பெரும்பாலானவற்றில் கிளட்ச் பெடலே இல்லை, கம்ப்யூட்டர் கியர் மாற்றிவிடுகிறது. பழையதைவிட வேகமாகத்தான் போகின்றன. பிறகு எதற்காகக் கோடீஸ்வரர்கள் பழையதைத் தேடி ஓடுகிறார்கள்? அருமை பெருமைக்கும் முதலீட்டுக்கும் வாங்குகிறவர்கள் உண்டு. ஆனால் அதை எடுத்து ஓட்டுகிறவர்கள், அது கையோடு பேசுகிறது என்றுதான் சொல்கிறார்கள். 478 குதிரைக்கும் நம் அம்பாசிடரின் ஐம்பது சொச்சம் குதிரைக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள தூரம். ஓட்டுகிறவன் சொல்லும் சொல் மட்டும் ஒன்றாக இருக்கிறது.

அதனால் வயசை வைத்து நான் பிரிக்கவில்லை. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800, அம்பாசிடருக்கு நேர் எதிரி. அதுவும் என் கணக்கில் பழைய வண்டிதான். தீப்பெட்டி மாதிரி லேசு, பவர் ஸ்டியரிங் இல்லை, ரோட்டில் கிடக்கும் கூழாங்கல்லைக்கூட எண்ணிச் சொல்லும். வண்டலூர்ப் பக்கம் செய்த ஸ்டாண்டர்ட் ஹெரால்ட் ஞாபகம் இருக்கிறதா? பானெட் முழுவதும் முன்பக்கமாகச் சாயும், அந்த வண்டியேதான். கட்டைவண்டி திரும்பாத தெருவில் திரும்பிவிடும். பத்மினியையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவை எல்லாம் பேசிய வண்டிகள்.

"அப்போ செத்தவங்க எத்தனை பேர் பெரியப்பா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. நழுவ மாட்டேன். என் மார்க் 3இல் பெல்ட் கிடையாது. நேருக்கு நேர் மோதினால் ஸ்டியரிங் தண்டு நெஞ்சில் ஈட்டி. என்னோடு வேலை பார்த்த இருவரை அப்படி இழந்திருக்கிறேன். 2019 முதல் புதுக் கார்களுக்கு ஏபிஎஸ் கட்டாயம், அதே ஆண்டு டிரைவர் ஏர்பேக்கும் கட்டாயமானது. இவை இருபது ஆண்டுக்கு முன்பே வந்திருக்க வேண்டியவை. இன்னொன்றும் சொல்கிறேன். என் மகள் கியர் இல்லாத வண்டியில் தினம் அரியலூர் போய் வருகிறாள். அந்தக் காலத்து கிளட்சும் ஸ்டியரிங்கும் எத்தனையோ பெண்களை ஓட்டவே விடாமல் ஒதுக்கி வைத்தன. அதைத் திரும்பக் கொண்டு வா என்று சொல்கிற பைத்தியக்காரன் இல்லை நான்.

மோதியபின் யார் பிழைப்பார் என்றால் புதுக் கார்க்காரர்தான். சந்தேகமே இல்லை. மோதுவதற்கு முந்தின ஒரு மணி நேரத்தைப் பற்றித்தான் என் சண்டை.

விடியற்காலை மூன்று மணி. சென்னையிலிருந்து திருச்சி போகும் நாலு வழிச் சாலை. திருமாந்துறை டோல்கேட் தாண்டி, பெரம்பலூர் தாண்டி, சிறுவாச்சூர், பாடாலூர். ரோடு நேர்க்கோடு. கண்ணாடி ஏற்றியிருக்கிறது, ஏசி 22, மெல்லிசாகப் பாட்டு. முள் 110இல் நிற்கிறது, உடம்புக்கோ நாற்பதில் போவது மாதிரி இருக்கிறது. ஓட்டுகிறவனுக்குச் செய்ய ஒரு வேலையும் இல்லை. வேலை இல்லாத மனுஷன் அந்த நேரத்தில் என்ன செய்வான்? தூங்குவான். பின்னால் விளக்கு இல்லாமல் ஓரத்தில் நிற்கும் லாரிக்கு இது தெரியாது. ஊர்ப் பிரிவில் பால் கேனோடு ரோட்டைக் கடக்கும் டூவீலர்காரனுக்கும் தெரியாது. அவனுக்கு ஏர்பேக்கும் இல்லை.

அம்பாசிடரில் இந்தத் தூக்கம் வராது. எண்பதைத் தாண்டினாலே கதவு, கண்ணாடி, டேஷ்போர்டு எல்லாம் சேர்ந்து கத்தும். கால் சூடாகும். டீசல் வாடை மூக்கில் ஏறும். ரேடியேட்டர் முள்ளை ஒரு கண் பார்த்தபடி இருக்கும். மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை எஞ்சின் ஆற வேண்டும் என்று நிறுத்துவோம். எஞ்சின் ஆறும் நேரத்தில் டிரைவரும் டீ குடிப்பான், முகம் கழுவுவான், நாலு பேரோடு பேசுவான். வண்டியின் களைப்பும் மனுஷனின் களைப்பும் ஒரே அளவாக இருந்தன. இப்போது வண்டி களைப்பதே இல்லை. சென்னையிலிருந்து மதுரை வரை நிறுத்தாமல் போகும். அதை ஓட்டுகிறவன் அதே பழைய மனுஷன்.

இதற்கு மருந்தாகக் கம்பெனிக்காரர்கள் என்ன கொடுத்திருக்கிறார்கள் தெரியுமா? விலை கூடின மாடல்களில், டிரைவர் அசந்தால் திரையில் ஒரு காப்பி கோப்பைப் படம் வரும். இளைப்பாறு என்று அர்த்தம். தூங்கவைத்துவிட்டு எழுப்புவதற்குத் தனிக் காசு! கோட்டை விட்டு விலகினால் ஸ்டியரிங்கைத் தானே இழுக்கும் வசதியும் உண்டு. ஆட்டுக்கு ஒதுங்கினாலும் இழுக்கும், சோளத்துக்கு ஒதுங்கினாலும் இழுக்கும். தம்பி மகன் முதல் வாரமே அதை அணைத்து வைத்துவிட்டான். நான் கேட்டபோது, "நம்ம ரோட்டுக்கு ஒத்துவராது பெரியப்பா" என்றான். அப்படியானால் யாருக்காகச் செய்தார்கள் என்று கேட்டேன். பதில் இல்லை.

அந்தத் திரையையும் விடமாட்டேன். அம்பாசிடரில் வைப்பர் எங்கே, விளக்கு எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு கை போகும். மகன் வண்டியில் ஏசி காற்றைக் குறைக்க வேண்டுமானால் திரையில் தடவ வேண்டும். வழவழப்பான கண்ணாடியில் எந்த இடம் என்று விரலுக்கு எப்படித் தெரியும்? ரோட்டை விட்டுக் கண்ணை எடுக்கத்தான் வேண்டும். நூறு கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு ஏறக்குறைய 28 மீட்டர். இரண்டு நொடி திரையைப் பார்த்தால் ஒரு லாரியும் அதன் பின்னால் இன்னொரு லாரியும் நிற்கிற தூரத்தைக் குருடனாகக் கடந்திருப்போம். ஐரோப்பாவில் கார்களின் பாதுகாப்பைச் சோதித்து நட்சத்திரம் கொடுக்கும் யூரோ என்கேப் அமைப்பு, முழு மதிப்பெண் வேண்டுமானால் இண்டிகேட்டர், ஹாரன், வைப்பர் போன்றவற்றுக்குக் கையால் தொட்டறியும் சுவிட்ச் வைக்க வேண்டும் என்று 2026 முதல் விதி கொண்டுவந்திருக்கிறது. உத்தர்பாராவில் 1957இல் வைத்ததைத்தான் இப்போது திரும்பக் கேட்கிறார்கள்.

நம் நாட்டில் 2023 முதல் பாரத் என்கேப் என்று நட்சத்திரம் கொடுக்கிறார்கள். மோதிப் பார்த்து எண்ணுகிறார்கள், நல்லது. ஓட்டுகிறவனை விழித்திருக்க வைக்கிறதா என்றும் எண்ணட்டும். டிரைவிங் ஸ்கூல்களில் கியர் இல்லாத வண்டியில் பழகினாலும், ஒரு வாரமாவது பழைய வண்டி ஒன்றில் உட்காரவைத்து ரோட்டைக் கையால் படிக்கச் சொல்லித்தரட்டும். காயலான் கடைக்குப் போகும் மாருதி 800களில் நாலு எடுத்து வைத்தால் போதும்.

நம்பாதவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். அடுத்த தடவை திருச்சி போகும்போது யாரையாவது ஓட்டச் சொல்லிவிட்டுப் பக்கத்து சீட்டில் உட்காருங்கள். சிறுவாச்சூர் தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டு, வண்டி என்ன வேகத்தில் போகிறது என்று சொல்லிப் பாருங்கள். பிறகு கண்ணைத் திறந்து முள்ளைப் பாருங்கள். என் மார்க் 4இல் ஸ்பீடாமீட்டர் கேபிள் அறுந்து ஒன்றரை வருஷம் கிடந்தது. ஸ்டோரில் கேபிள் வரவில்லை. அந்த ஒன்றரை வருஷமும் வேகத்தைக் காதாலேயே சொல்லிக்கொண்டு ஓட்டினேன்.