பிள்ளையைத் தூது விடாதீர்கள்

மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் அடி அண்ணாமலையில் நின்று பார்த்தவர்களுக்குத் தெரியும். அருணாசலேஸ்வரர் அன்றைக்குக் கிரிவலம் வருவார்; ஆனால் தனியாக வருவார். பக்கத்தில் அம்பாள் இருக்க மாட்டாள். முதல் நாள் திருவூடல் தெருவில் இருவருக்கும் சண்டை நடந்து முடிந்திருக்கும்.

சண்டைக்குக் காரணம் பிருங்கி முனிவர் என்பார்கள். சிவனைத் தவிர வேறு யாரையும் வணங்க மாட்டேன் என்று பிடிவாதம் பிடித்த மனிதர். அவருக்கு இவர் இடம் கொடுத்துவிட்டார் என்று அவளுக்குக் கோபம். மூன்றாம் மனிதர் ஒருவரால் தம்பதிக்குள் மனஸ்தாபம் வருவது கைலாசத்திலும் உண்டு போலிருக்கிறது! கார்த்திகை தீபத்தன்று அர்த்தநாரீசுவரராக ஒரே உடம்பில் சில நிமிஷம் காட்சி கொடுத்த அதே தம்பதி, தை பிறந்ததும் நடுத்தெருவில் பிணங்கிக்கொள்கிறார்கள். உண்ணாமுலையம்மன் விறுவிறு என்று கோயிலுக்குப் போய்விடுகிறாள். கதவு சாத்தப்படுகிறது. சமாதானம் பேச சுந்தரமூர்த்தி நாயனார் தூது போகிறார். திருவாரூரில் பரவையாரின் கோபத்தைத் தணிக்க, சுந்தரருக்காக ராத்திரி வேளையில் இரண்டு தடவை தெருவில் நடந்தவர் சிவபெருமான் என்று பெரிய புராணம் சொல்கிறது. அந்தக் கடனைத் திருவண்ணாமலையில் அடைக்கப் பார்க்கிறார் நாயனார். முடியவில்லை. ஸ்வாமி அன்றிரவைக் குமரக் கோயிலில் கழிக்கிறார். மறுநாள் எங்கள் ஊர் வழியாக 14 கிலோமீட்டர் மலையைச் சுற்றிக்கொண்டு வருகிறார். அதற்குப் பிறகுதான் மறுவூடல், கதவு திறப்பது எல்லாம்.

நாவல் எழுத அமைதியான இடம் வேண்டும் என்று அடி அண்ணாமலையில் ஒரு சிறு வீட்டை வாடகைக்குப் பிடித்திருக்கிறேன். (பௌர்ணமி ஒரு நாள் தவிர மற்ற நாட்களில் அமைதிக்குக் குறைவில்லை.) திருவூடலை நான் பல வருஷங்களாக ஒரு ரசமான திருவிழா என்றுதான் பார்த்து வந்தேன். என் எண்ணத்தை மாற்றியது ஒரு பஞ்சாயத்து.

கதை எழுதுகிறவனுக்கு நியாயமும் தெரியும் என்று ஊரில் யாரோ கிளப்பிவிட்டார்கள். ஆகையால் ஒரு தம்பதியைச் ‘சேர்த்து வைக்க’ என்னையும் அழைத்தார்கள். புருஷன் டவுனில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறவன். மனைவி நர்ஸ். ஏழு வயதில் ஒரு பையன். ஒரு வீட்டுத் திண்ணையில் எட்டுப் பேர் உட்கார்ந்தோம். டீ வந்தது. அந்தப் பெண், தன் புருஷன் இரண்டு தடவை தன்மேல் கை வைத்ததைச் சொன்னாள். அழாமல், தேதியோடு சொன்னாள்.

“அடிக்கிற கைதானேம்மா அணைக்கும்? கொஞ்சம் விட்டுக் கொடுத்துப் போ” என்றார் ஒரு பெரியவர்.

நான் வாயைத் திறக்கவில்லை. இதை இப்போது எழுதுவதற்கு அந்த மௌனமும் ஒரு காரணம்.

பிறகு பையனைக் கூப்பிட்டார்கள். நடுவில் நிறுத்தினார்கள். “டேய் தம்பி, பயப்படாமச் சொல்லு. நீ அப்பாகிட்ட இருக்கப் போறியா, அம்மாகிட்டயா?”

பையன் இரண்டு பேரையும் ஒரு தடவை பார்த்தான். “தெரியாது” என்றான்.

“பாத்தீங்களா! ரெண்டு பேரும் வேணும்ங்கறான் புள்ள!” என்று பெரியவர் வெற்றியோடு திரும்பினார். பையன் அப்படிச் சொல்லவேயில்லை. ஆனாலும் அந்த வார்த்தையின் பேரில்தான் அன்று சமாதானம் முடிந்தது. நாலு மாதம் கழித்து அவள் மறுபடியும் தாய் வீட்டுக்கு வந்துவிட்டாள்.

அந்தத் ‘தெரியாது’ எங்கிருந்து வந்தது என்பதைப் பையனின் பாட்டி பின்னால் எனக்குச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமை அவன் அப்பாவிடம் போவான். “வீட்டுக்கு யார் யார் வராங்க? அம்மா ராத்திரி எத்தனை மணிக்கு வரா?” என்று கேள்வி. திரும்பி வந்தால் அம்மாவின் கேள்வி: “என்னைப் பத்தி என்ன சொன்னாரு? அந்த அத்தை வந்திருந்தாளா?” எதைச் சொன்னாலும் ஒரு வீட்டில் சண்டை கிளம்புகிறது என்று கண்டுபிடித்துக்கொண்ட பையன், ‘தெரியாது’ என்ற ஒரு சொல்லில் போய் ஒளிந்துகொண்டான். வகுப்பில் டீச்சர், ஏழும் ஐந்தும் எத்தனை என்று கேட்டாலும் இப்போது அதே பதில்தானாம்.

இதற்குப் பெயர்தான் மத்தியஸ்தமா என்று கேட்கிறேன்.

பிள்ளையைத் தூதனாக்குவது இன்று நேற்று வந்த வழக்கமல்ல, அதையும் ஒப்புக்கொள்கிறேன். ஊடலைத் தீர்க்க வருகிறவர்களை ‘வாயில்கள்’ என்று அழைத்து, தோழி, பாணன், பார்ப்பான், விருந்தினர் என்று 12 பேரைத் தொல்காப்பியம் வரிசைப்படுத்துகிறது. அந்தப் பன்னிரண்டில் பிள்ளை கிடையாது. ஆனால் புலவர்களின் தலைவன் கெட்டிக்காரன். பரத்தை வீட்டிலிருந்து வருகிறவன், தெருவில் விளையாடும் மகனைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு நுழைந்துவிடுவான். பிள்ளை கையில் இருந்தால் கதவைச் சாத்த முடியுமா? நாமும் அதைப் படித்து ‘ஆஹா’ என்றுதான் தலையாட்டி வந்திருக்கிறோம். எனக்கும் அது பிடித்த கட்டம்தான். ஆனால் அது ஊடலுக்கு. திருக்குறளின் 133 அதிகாரங்களும் போய் முடிகிற இடம் ஊடலுவகை. அங்கே இருவரும் ஒருவரையொருவர் விரும்புகிறார்கள். கோபம் உப்பு அளவுதான். கை ஓங்கிய வீட்டில், வெறுப்பு குடியேறிவிட்ட வீட்டில், வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்ட வீட்டில் நடப்பது ஊடல் அல்ல. அங்கே பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நுழைவது பிள்ளையைக் கேடயமாகப் பிடிப்பது.

இனித் திருவூடலைப் பாருங்கள். அந்தக் குடும்பத்தில் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். இருவரும் கெட்டிக்காரர்கள். பழத்துக்காக உலகத்தையே சுற்றியவன் ஒருவன். அம்மையப்பனைச் சுற்றியே பழத்தை வாங்கிக்கொண்டவன் மற்றவன். அம்மாவிடம் அனுப்ப இதைவிட நல்ல ஆள் எங்கே கிடைப்பான்? ஆனாலும் தூது போகிறவர் சுந்தரர். வயது வந்தவர், வெளி ஆள், தூதின் சுகதுக்கம் அறிந்தவர். அப்பா ராத்திரி போய்த் தங்குவது மகன் கோயிலில். ஆனால் அந்த மகனிடம் ஒரு சேதி சொல்லி அம்மாவிடம் அனுப்பியதாக இல்லை. சாத்திய கதவை யாரும் தள்ளித் திறக்கவில்லை. தூது தோற்றதற்காக யாரும் சுந்தரரைக் குறை சொல்லவுமில்லை. அவளுக்கு ஓர் இரவு வேண்டியிருந்தது, கொடுத்தார்கள். திண்ணையில் உட்கார்ந்த நாங்கள் எட்டுப் பேரும் வருஷா வருஷம் இந்த விழாவைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொள்கிறவர்கள்தாம்.

நம் சட்டம்கூட எங்களைவிட நாகரிகமாக இருக்கிறது. 1955-ஆம் வருஷத்து இந்து விவாகச் சட்டம் முதலில் சமரசம் முயன்று பார்க்கச் சொல்கிறது. 1976-ல் பரஸ்பர சம்மதத்தின் பேரில் பிரிந்துகொள்ள வழி திறந்தபோது, யோசித்துக்கொள்ள ஆறு மாத அவகாசமும் வைத்தார்கள். திருவூடலின் ஓர் இரவு இங்கே ஆறு மாதம்! சேர வழியே இல்லை என்று தெரிந்தால் அந்த ஆறு மாதத்தையும் தள்ளுபடி செய்யலாம் என்று 2017-ல் சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது. 1984-ல் குடும்பக் கோர்ட் சட்டம் வந்தது; அங்கே சமாதானத்துக்கு முயல்வது நீதிபதியின் கடமை. 2005-ல் சென்னை ஹைகோர்ட்டிலேயே சமரச மையம் திறந்தார்கள். கோர்ட்டோடு சேர்ந்த சமரச மையங்களில் இந்தியாவுக்கு அதுதான் முதல். 2013-ல் சுப்ரீம் கோர்ட், தம்பதி வழக்குகளில் சமரசத்துக்கு இடமிருந்தால் குடும்பக் கோர்ட்டுகள் மையத்துக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும் என்றது. 2023-ல் பார்லிமெண்ட் நிறைவேற்றிய சமரசச் சட்டத்தில் இரண்டு விஷயங்கள் எனக்குப் பிடித்தவை. மத்தியஸ்தர் எந்த முடிவையும் யார் தலையிலும் கட்டக்கூடாது. அறைக்குள் பேசியது வெளியே போகக்கூடாது. எங்கள் திண்ணையில் பேசியதோ டீ ஆறுவதற்குள் தெருக்கோடிக்குப் போய்விட்டது.

பிள்ளை விஷயத்தில் சட்டம் எப்போதோ தெளிந்துவிட்டது. 1890-ஆம் வருஷத்துக் காப்பாளர் சட்டமே, விவரம் தெரிந்த பிள்ளையாக இருந்தால் அதன் விருப்பத்தைக் கருதலாம் என்கிறது. ஆனால் விருப்பம் அறிவது வேறு, சாட்சிக் கூண்டில் ஏற்றுவது வேறு. நல்ல நீதிபதிகள் பிள்ளையைத் தங்கள் அறைக்கு அழைத்து, அப்பாவும் அம்மாவும் இல்லாமல், பள்ளிக்கூடம், கிரிக்கெட் என்று பேசிப் பேசி விஷயத்தைத் தெரிந்துகொள்வார்கள். 1956-ஆம் வருஷத்துச் சட்டம் பிள்ளையின் நலமே எல்லாவற்றுக்கும் மேல் என்கிறது. சென்னையிலிருந்து போன ஒரு வழக்கில், குழந்தைகள் பெற்றோரின் சொத்தும் அல்ல, விளையாட்டுப் பொம்மையும் அல்ல என்று 1973-லேயே சுப்ரீம் கோர்ட் எழுதிவிட்டது. சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. திண்ணைக்குத்தான் வந்து சேரவில்லை.

திண்ணை என்றால் கிராமத்துத் திண்ணை மட்டும்தான் என்று நகரத்து வாசகர்கள் நிம்மதி அடைய வேண்டாம். அண்ணா நகர் ஃபிளாட்டில் சோபா போட்டு உட்கார்ந்தாலும் அது திண்ணைதான். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுக்கப் போன பெண்ணை உட்கார வைத்து, “குழந்தை முகத்தைப் பாரும்மா” என்று திருப்பி அனுப்பினால் அந்தப் பெஞ்சும் திண்ணைதான். ‘குழந்தை முகத்தைப் பார்’ என்பது நம் பாஷையில் மிகவும் கருணையான வாக்கியம் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறோம். அடிபட்ட பெண்ணிடம் சொன்னால் அதைவிடக் கொடுமையான வாக்கியம் கிடையாது. அவள் பட்ட அடிக்குக் குழந்தையை ஜாமீன் கேட்கிறது அந்த வாக்கியம். குழந்தைக்கும் அது கேட்கும். ‘என்னால்தான் அம்மா இங்கே கிடக்கிறாள்’ என்று அது தெரிந்துகொள்ளும்.

“அப்படியானால் எல்லோரையும் பிரித்துவிடச் சொல்கிறீரா?” என்று ஒரு நண்பர் சண்டைக்கு வந்தார். நான் அப்படிச் சொல்லவில்லை. சேர்கிறவர்கள் சேரட்டும். அற்ப விஷயத்தில் பிணங்கி நிற்கும் இருவரை ஒரு நல்ல வார்த்தையால் சேர்த்து வைத்தவர்களை எனக்குத் தெரியும். அவர்களைக் கையெடுத்துக் கும்பிடுவேன். நான் குறை சொல்வது, சேர்த்து வைத்ததைத் தவிர வேறெதையும் வெற்றியாகக் கணக்கெழுதாத மனப்பான்மையை. பிரியத்தான் வேண்டும் என்று முடிவானவர்களுக்குத்தான் மத்தியஸ்தர் அதிகம் தேவை. பள்ளிச் சம்பளம் யார் கட்டுவது, ஜுரம் வந்தால் யாருக்குப் போன் போடுவது, தீபாவளி யார் வீட்டில், பொங்கல் யார் வீட்டில் — இவ்வளவையும் இரண்டு பகையாளிகள் பேசி முடிக்க வேண்டுமே! அந்த நேரத்தில் பெரியவர்கள், “எங்க பேச்சைக் கேக்கல இல்ல, கோர்ட்டுக்கே போங்க” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துவிடுகிறார்கள். அவர்கள் விட்ட இடத்தில் பிள்ளை வந்து நிற்கிறது. அப்பாவின் சேதியை அம்மாவுக்கும், அம்மாவின் பில்லை அப்பாவுக்கும் சுமக்கிறது. பெற்றோர் பிரிந்ததனால் ஒரு பிள்ளைக்கு வருகிற துக்கம் ஒன்று. அந்தச் சண்டைக்குத் தபால்காரனாக இருப்பதனால் வருகிற துக்கம் இன்னொன்று. முதலாவதைச் சில சமயம் தடுக்க முடியாது. இரண்டாவதைத் தடுக்க முடியும்.

முடியும் என்று நான் சொல்வதற்கு அந்தப் பையனே சாட்சி. வழக்கு கோர்ட்டுக்குப் போயிற்று. அங்கிருந்து சமரசத்துக்கு அனுப்பினார்கள். ஒரு பெண் வக்கீல் மத்தியஸ்தராக உட்கார்ந்தார். அவர் எடுத்த எடுப்பில், “சேர்ந்து வாழறீங்களா?” என்று கேட்கவில்லையாம். “பையன் எத்தனை மணிக்குத் தூங்குவான்?” என்று கேட்டாராம். இரண்டு பேரும் இரண்டு நேரம் சொன்னார்கள். அங்கிருந்து பேச்சு தொடங்கி, ஐந்து தடவை உட்கார்ந்த பிறகு, பிரிவது என்று முடிவாயிற்று. பையன் அம்மாவிடம் இருப்பான்; சனிக்கிழமை சாயங்காலத்திலிருந்து ஞாயிறு சாயங்காலம் வரை அடி அண்ணாமலையில் அப்பாவிடம். எழுதிய ஒப்பந்தத்தை அவள் எனக்குக் காட்டினாள். பணம், பள்ளிக்கூடம் எல்லாம் போட்டு, கடைசிக்கு முந்திய வரியில், இருவரும் ஒருவருக்கொருவர் சொல்ல வேண்டியதைப் பையனிடம் சொல்லி அனுப்பக்கூடாது, ஒருவர் வீட்டு விஷயத்தை இன்னொருவர் அவனிடம் விசாரிக்கக்கூடாது என்று எழுதியிருந்தது. அதன் கீழே இரண்டு கையெழுத்து.

போன தை மாதம் ஸ்வாமி எங்கள் ஊரைக் கடக்கும்போது பையன் அப்பாவின் தோளில் உட்கார்ந்திருந்தான். இறங்கி வந்து என்னிடம், “சாமி நேத்து ராத்திரி எங்க தூங்குச்சு?” என்று கேட்டான். குமரக் கோயிலில் என்றேன். “அம்மா சாமி?” பெரிய கோயிலில் என்றேன். சரி என்று கரும்பைக் கடிக்கப் போய்விட்டான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் தகராறு அடியோடு தீர்ந்துவிட்டதாக நான் சொல்லவில்லை. பையனை யார் கொண்டுவந்து விடுவது என்பது ஒப்பந்தத்தில் விட்டுப் போய்விட்டது. பெண்களுக்குத்தான் 2021-லிருந்து டவுன் பஸ்ஸில் டிக்கெட் கிடையாதே, அவளே கொண்டுவந்து விடட்டும் என்கிறான் அவன். டிக்கெட் இல்லாவிட்டாலும் என் நேரத்துக்கு விலை உண்டு என்கிறாள் அவள். இதற்காக இன்னொரு தடவை அந்த வக்கீலம்மாவிடம் போகப் போகிறார்களாம். என்னைக் கேட்கவில்லை.