பிடுங்கிய முடி எத்தனை மணி நேரம் உயிர் வாழும்?

வழுக்கையால் எவரும் இறந்ததில்லை. ஆயினும் முப்பது வயதுக்குள் முன்நெற்றி ஏறிவிட்ட இளைஞனுக்கு அது எவ்வளவு பெரிய மனக்குறை என்பது, கலியாணப் பேச்சு நடக்கும் வீடுகளுக்கு நன்றாகத் தெரியும். எனவே, முடி மாற்றுச் சத்திரசிகிச்சை செய்துகொள்வோரைப் பரிகசிப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. கொடுக்கும் பணத்துக்கு அவர்கள் எதைக் கேட்டு வாங்க வேண்டும் என்பதே என் அக்கறை.

திருகோணமலையில், உட்துறைமுக வீதிப் பக்கம் வசிக்கும் நண்பர் ஒருவரின் மகன் மத்திய கிழக்கில் வேலை செய்கிறான். விடுமுறையில் வேறொரு நாட்டுக்குப் போய் இச்சிகிச்சையைச் செய்துகொண்டு ஊருக்கு வந்திருந்தான். "3500 வைச்சவங்கள் அங்கிள்" என்றான் பெருமையோடு. எடுத்த முடியை நடும் வரை எதில் வைத்திருந்தார்கள், எத்தனை மணித்தியாலம் வெளியே கிடந்தது என்று கேட்டேன். "அதை ஒருத்தரும் சொல்லேல்லை, நானும் கேக்கேல்லை" என்றான். ஒன்றரை வருடம் கழிந்துவிட்டது. முன்பக்கத்தில் முடி ஐதாக, இடையிடையே வெட்டை விழுந்தாற்போல் முளைத்திருக்கிறது. தவறு எங்கே நடந்தது என்பதை இனி எவராலும் நிறுவ முடியாது.

3500 என்பது எடுத்த கணக்கு. பிழைத்த கணக்கு வேறு. விளம்பரங்கள் எல்லாம் முதலாவது கணக்கையே விற்கின்றன.

இச்சிகிச்சையில் தலையின் பின்புறத்திலிருந்து, 1 முதல் 4 முடிகள் வரை கொண்ட சிறு கொத்துகளை வேரோடு எடுக்கிறார்கள். கிராஃப்ட் என்று சொல்லப்படும் இந்த ஒட்டுகளை ஒவ்வொன்றாக முன்பக்கத்தில் நடுகிறார்கள். இரண்டாயிரம், மூவாயிரம் ஒட்டுகள் என்றால் வேலை ஒரு முழுப் பகலை விழுங்கிவிடும். காலையில் எடுத்த ஒட்டு பிற்பகலில்தான் நடப்படக்கூடும். அந்த இடைவேளையில் அதற்கு இரத்த ஓட்டமில்லை, ஒட்சிசன் இல்லை, உணவில்லை. ஆனால் அது உயிருள்ள இழையம். மிளகாய்க் கன்றை நாற்றுமேடையிலிருந்து பிடுங்கி வெயிலில் போட்டுவிட்டுப் போகிற கமக்காரன் உண்டா? ஈரச் சாக்கில் சுற்றி நிழலில் வைத்து, பொழுதுபடத்தானே நடுவான்? முடிக்கும் அந்த நியாயம்தான்.

நம்முடைய துறைமுகப் பட்டினத்தில் குளிரின் அருமையை எவருக்கும் கற்பிக்க வேண்டியதில்லை. சூரையும் பாரையும் ஐஸ் பெட்டியில் ஏறாவிட்டால் கொழும்பு போய்ச் சேர்வதற்குள் விலை விழுந்துவிடும். எனினும் ஒரு வேற்றுமை உண்டு. மீன் இறந்தது, ஐஸ் அதை அழுகாமல் மட்டும் காக்கிறது. முடி ஒட்டு உயிரோடிருப்பது. அது உறைந்தால் உயிரணுக்களுக்குள் பனிப்படிகம் விழுந்து சிதைந்துவிடும். ஆகவே உறைய விடாமல், ஏறத்தாழ 4 பாகை செல்சியஸ் குளிரில் திரவத்துள் அமிழ்த்தி வைப்பது பல மருத்துவர்களின் வழக்கம். குளிரில் உயிரணுவின் தேவை குறைகிறது. பசி தாங்கும் நேரம் நீள்கிறது.

இந்த உண்மையை இலங்கை வெகுகாலத்துக்கு முன்பே உலகுக்குச் செய்து காட்டியது. வைத்தியர் ஹட்சன் சில்வா 1958-இல் பத்திரிகை வாயிலாகக் கண்தானத்துக்கு வேண்டுகோள் விடுத்தார். 1961-இல் இலங்கைக் கண்தான சங்கம் உருவாயிற்று. 1964-இல் இங்கிருந்து முதன்முதலாகச் சிங்கப்பூருக்குச் சென்ற கண்கள், ஐஸ் இட்ட சாதாரண தேர்மோஸ் குடுவையிலேயே சென்றன. பணவசதி குறைந்த காலத்திலும், எடுத்த இழையத்துக்கும் கடிகாரத்துக்கும் உள்ள போட்டியை அவர்கள் மறக்கவில்லை. இன்று இலட்சக்கணக்கில் பணம் வாங்கும் அழகு நிலையங்கள் அதை மறக்கலாமா?

அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்து மருத்துவர் பொபி லிம்மர் 1990-களில் ஓர் ஆய்வு செய்தார். குளிர்ந்த உப்புநீரில் வைத்த ஒட்டுகளை வெவ்வேறு நேரங்களில் நட்டு, எத்தனை முளைத்தன என்று எண்ணினார். 2 மணி நேரத்தில் நட்டவற்றில் 95 வீதம் பிழைத்தன. 6 மணி நேரத்தில் 86 வீதம். 24 மணி நேரத்தில் 79 வீதம். 48 மணி நேரத்தில் 54 வீதம். இது சிறிய ஆய்வு. எல்லோருக்கும் அப்படியே பொருத்திவிடக் கூடாது. ஆனாலும் 3000 ஒட்டுகளில் 14 வீதம் போனால் 420 ஒட்டுகள் போயின என்று கணக்குப் பார்க்க எவருக்கும் முடியும்.

எந்தத் திரவம் சிறந்தது என்பதில் மருத்துவர்களிடையே ஒருமித்த கருத்தில்லை. சாதாரண உப்புநீர் மலிவானது. ஆனால் அமிலத்தன்மையைச் சமன் செய்யும் ஆற்றலோ ஊட்டமோ அதில் இல்லை. ஹைப்போதேர்மோசோல் போன்ற திரவங்கள், குளிரில் உயிரணு நீரை உறிஞ்சி வீங்குவதைத் தடுப்பதற்கென்றே ஆக்கப்பட்டவை. உயிரணுவின் எரிபொருளான ஏ.டி.பி.யைத் திரவத்தில் சேர்ப்போரும் உளர். சில மணி நேரத்துக்கு உப்புநீரே போதும் என்று வாதிடுவோரும் உளர். வேலை நீளுமானால் திரவத்தின் தரம் முக்கியமாகிறது என்பதே நியாயமான முடிவாகத் தோன்றுகிறது.

ஆனால் உலர்தல் கேடு என்பதில் கருத்து வேற்றுமை இல்லை. திரவத்துக்கு வெளியே, விளக்கொளியின் கீழ், கையுறையின் மேல் சில நிமிடங்கள் காய்ந்தாலே ஒட்டு பாழாகலாம். இடுக்கியால் வேர்க்குமிழை நசுக்கினாலும் அதே கதிதான். விலையுயர்ந்த திரவம் வாங்கி வைத்துவிட்டு, பயிற்சியற்ற கைகளிடம் வேலையை ஒப்படைத்தால் யாருக்குப் பயன்?

இங்கேதான் பொறுப்புத் தப்பிப் போகிறது. இறந்த ஒட்டும் நட்ட அன்று உயிருள்ளதைப் போலவே தெரியும். நட்ட முடிகள் சில வாரங்களில் உதிர்வது இயல்பு. மூன்று நான்கு மாதங்களின் பின்னரே புதிது முளைக்கத் தொடங்கும். முழுப் பயனைக் காண ஏறக்குறைய ஓராண்டு ஆகும். அதற்குள் பணம் கைமாறி, விமானமும் ஏறி, புகைப்படமும் விளம்பரத்துக்குப் போய்விடும். குறை சொன்னால், "உங்கள் உடல்வாகு அப்படி" என்று பதில் வரும்.

போன ஒட்டு மீண்டும் முளைக்காது. பின்தலையில் எடுக்கத்தக்கவை பொதுவாக 4000 முதல் 6000 வரைதான். ஆளுக்கு ஆள் இது மாறும். ஆயுள் முழுவதற்குமான கையிருப்பு அது. வயதேற வழுக்கையும் விரியும். முதல் தடவை வீணடித்தவனுக்கு இரண்டாம் தடவை எடுக்க இடமிராது. பணத்தை உழைத்து மீட்கலாம். இதை மீட்க வழியில்லை.

முடியோடு போனால் அதிர்ஷ்டம் என்று எண்ண வைத்த சம்பவங்களும் உண்டு. 2016-இல் சென்னையில் மருத்துவ மாணவர் ஒருவர் இச்சிகிச்சையைத் தொடர்ந்து உயிரிழந்தார். 2022-இல் இந்தியத் தேசிய மருத்துவ ஆணையம் நெறிமுறைகளை வெளியிட்டபோது, பயிலரங்கில் வேடிக்கை பார்ப்பதும் யூடியூப் பார்ப்பதும் பயிற்சியாகா என்று எழுத வேண்டியிருந்தது. நிலைமை எவ்வளவு மோசம் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

இலங்கையில் தனியார் மருத்துவ நிறுவனங்களைப் பதிவு செய்வதற்கு 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது; அதன் கீழ் ஒழுங்குபடுத்தும் பேரவையும் இருக்கிறது. முடி மாற்றுச் சிகிச்சை செய்யும் ஒவ்வொரு நிலையமும், முதல் ஒட்டு எடுத்த நேரம், கடைசி ஒட்டு நட்ட நேரம், வைத்திருந்த திரவம், அதன் வெப்பநிலை, எடுத்தவர் நட்டவர் பெயர் ஆகியவற்றைப் பதிந்து, ஒரு பிரதியைச் சிகிச்சை பெற்றவரிடம் கொடுக்க வேண்டும் என்று அது விதிக்கலாம். ஒரு தாள் போதும். செலவு ஒன்றுமில்லை. நேர்மையாக வேலை செய்கிறவருக்கு அதில் அச்சமும் இருக்காது.

சட்டம் வரும்வரை காத்திராமல், கொழும்புக்கோ சென்னைக்கோ இஸ்தான்புல்லுக்கோ புறப்படுகிறவர்கள் முற்பணம் கட்டுமுன் இதையே கேட்கலாம். மீன் வாங்கும்போது செவுளைத் திறந்து பார்க்காமல் நம்மவர் காசு கொடுப்பதில்லை. எத்தனை ஒட்டு என்று கேட்பதோடு நில்லாமல், எத்தனை மணி நேரம், எதற்குள், யார் கையில் என்றும் கேளுங்கள். விடை சொல்லத் தயங்குகிற இடத்தில் தலையைக் கொடுக்காதீர்கள்.