சேலமா, நாமக்கல்லா... எந்த தியேட்டர் பெஸ்ட்? புக் பண்றதுக்கு முன்னாடி இதைப் பாருங்க!

பண்டிகைக்குப் புதுப்படம் ரிலீஸ் ஆனால் ராசிபுரம், திருச்செங்கோடு, ஆத்தூர் பக்கம் பல வீடுகளில் ஒரே பேச்சுதான். "இங்கேயே பார்த்துடலாமா, இல்ல சேலம் போயிடலாமா?"

நாலு பேர் உள்ள குடும்பம் சேலம் போய்ப் படம் பார்த்துத் திரும்பினால் டிக்கெட், பெட்ரோல், இடைவேளை பாப்கார்ன் என ஆயிரம் ரூபாய் சுலபமாகக் கரைந்துவிடும். அந்தக் காசுக்கு ஏற்ற படமும் சத்தமும் கிடைக்குமா? இதற்குப் பதில் தியேட்டர் பெயரில் இல்லை. நீங்கள் உட்காரப்போகும் ஸ்கிரீனில்தான் இருக்கிறது.

ஒரே தியேட்டர், வேற வேற ஸ்கிரீன்

மல்டிபிளெக்ஸில் எல்லா ஸ்கிரீனும் ஒன்றாக இருக்காது. திரையின் அளவு, புரொஜக்டர், ஸ்பீக்கர் என எல்லாமே மாறலாம். வாசலில் 'டால்பி அட்மாஸ்' என்று போர்டு இருந்தால், உள்ளே இருக்கும் அத்தனை ஸ்கிரீனிலும் அட்மாஸ் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.

இன்னொரு விஷயம். முதல் வாரம் பெரிய ஸ்கிரீனில் ஓடிய படம், அடுத்த படம் வந்ததும் சின்ன ஸ்கிரீனுக்கு மாறிவிடும். "போன வாரம் அண்ணன் பார்த்தாரு, சூப்பரா இருந்துச்சாம்" என்று கிளம்பினால் ஏமாற வாய்ப்பு உண்டு. புக்கிங் ஆப்பில் ஷோ நேரத்தைத் தொட்டதும் ஸ்கிரீன் எண் தெரியும். முதலில் அதைப் பாருங்கள். சந்தேகம் என்றால் கவுன்ட்டரில் கேட்டுவிடுங்கள்.

4கே இருந்தா போதுமா?

2கே என்பது 2048 x 1080 புள்ளிகள். 4கே என்பது 4096 x 2160, அதாவது நாலு மடங்கு. ஆனால் படம் பளிச்சென்று தெரிவதற்குப் புள்ளிகளைவிட வெளிச்சம்தான் முக்கியம்.

டிஜிட்டல் சினிமாவுக்கான சர்வதேச தரப்படி 2டி படத்துக்குத் திரையில் 14 ஃபுட் லாம்பர்ட் வெளிச்சம் விழ வேண்டும். பழைய வகை புரொஜக்டரில் இருப்பது செனான் விளக்கு. ஓட ஓட அதன் வெளிச்சம் குறையும், குறிப்பிட்ட மணி நேரத்தில் மாற்றியே ஆக வேண்டும். மாற்றாமல் ஓட்டினால் இரவுக் காட்சிகளில் நடிகர் முகமே தெரியாது. மங்கிப்போன 4கேயைவிட, நன்றாகப் பராமரிக்கும் 2கே எவ்வளவோ மேல். லேசர் புரொஜக்டரில் வெளிச்சம் மெதுவாகத்தான் குறையும்.

3டி படத்துக்கு இது இன்னும் முக்கியம். கண்ணாடி போட்டதுமே வெளிச்சத்தில் பெரும்பகுதி போய்விடும்.

அட்மாஸ்... நிஜமாவே வித்தியாசம் தெரியுமா?

தெரியும். 2012-ல் டால்பி நிறுவனம் அறிமுகப்படுத்திய அட்மாஸில் கூரையிலும் ஸ்பீக்கர்கள் இருக்கும். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் போவது போல, மழை மேலிருந்து பெய்வது போலக் கேட்கும். அந்த ஆண்டு டிசம்பரிலேயே 'சிவாஜி' 3டி இந்த ஒலியோடு தமிழில் வந்தது.

ஆனால் படமும் அட்மாஸில் மிக்ஸ் செய்யப்பட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் அதே தியேட்டரில் சாதாரண சரவுண்ட் சத்தம்தான் வரும். காது கிழிந்தால் நல்ல சவுண்ட் என்று நினைக்க வேண்டாம். பின்னணி இசைக்கு நடுவிலும் வசனம் தெளிவாகப் புரிகிறதா? அதுதான் சோதனை.

எந்த சீட் எடுக்கணும்?

திரையில் இருந்து மூன்றில் இரண்டு பங்கு தூரத்தில், நடு சீட். படம், சத்தம் இரண்டும் சரியாகச் சேரும் இடம் இதுதான். கடைசி வரிசைக்குக் கூடுதல் காசு கொடுக்கும் முன் யோசியுங்கள்.

ரிக்ளைனர் சொகுசுதான். அதைவிட முக்கியம், முன்னால் இருப்பவர் தலை மறைக்காத அளவுக்குப் படிப்படியாக உயரும் வரிசைகள். முதியவர்களோடு போகிறீர்களா? லிஃப்ட் இருக்கிறதா, எத்தனை படி ஏற வேண்டும் என்று போன் போட்டுக் கேட்டுக்கொள்வது நல்லது.

சின்ன ஊர்னா சின்ன தியேட்டரா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. ஆந்திராவின் சூலூர்பேட்டையில் 2019-ல் திறந்த வி எபிக் தியேட்டரில் திரையின் அகலம் சுமார் 100 அடி. சுமார் 80 கிலோமீட்டர் தூரத்தில் உள்ள சென்னையில் இருந்தே அங்கு படம் பார்க்கப் போகிறார்கள். தமிழின் முதல் முழுநீள வண்ணப் படமான 'அலிபாபாவும் 40 திருடர்களும்' 1956-ல் வந்தது சேலம் மாடர்ன் தியேட்டர்ஸில் இருந்துதான். தொழில்நுட்பம் பெருநகரத்துக்கு மட்டும் சொந்தமில்லை.

பில்லில் என்ன கவனிக்கணும்?

2025 செப்டம்பர் 22 முதல் 100 ரூபாய் வரையிலான டிக்கெட்டுக்கு 5% ஜிஎஸ்டி. அதற்கு மேல் போனால் 18%. 100 ரூபாய் டிக்கெட் நாலு எடுத்தால் ஜிஎஸ்டி 20 ரூபாய். 110 ரூபாய் டிக்கெட் என்றால் 79 ரூபாய். உள்ளாட்சி கேளிக்கை வரி தனி. ஆன்லைன் கட்டணமும் டிக்கெட் எண்ணிக்கைக்கு ஏற்ப ஏறும். கூட்டம் இல்லாத நாளில் கவுன்ட்டரில் எடுத்தால் அது மிச்சம்.

வெளியில் இருந்து உணவு கொண்டுவரத் தடை விதிக்கத் தியேட்டருக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரி 3-ல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் சுத்தமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்கான உணவைத் தடுக்கக் கூடாது என்பதும் அதே வழக்கில் சொல்லப்பட்டதுதான். "தண்ணி பாட்டில் வாங்கித்தான் ஆகணும்" என்றால் இதைச் சொல்லுங்கள்.

தமிழகத்தில் சென்னை தவிர்த்த மாவட்டங்களில் தியேட்டருக்கு லைசென்ஸ் தருவது கலெக்டர். கூடுதல் கட்டணம், மோசமான கழிவறை போன்ற புகார்களை டிக்கெட், பில்லோடு திங்கட்கிழமை குறைதீர் கூட்டத்தில் மனுவாகக் கொடுக்கலாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

சரி, சேலமா நாமக்கல்லா?

பிரமாண்டம், சண்டை, 3டி என்றால் லேசர், அட்மாஸ் இரண்டும் உள்ள ஸ்கிரீனைத் தேடிப் போகலாம். 50 கிலோமீட்டர் பயணம் வீண் போகாது. ஐமேக்ஸில்தான் பார்க்க வேண்டும் என்பவர்களுக்குக் கோவை பிராட்வே சினிமாஸ் இருக்கிறது.

குடும்பக் கதை, காமெடி என்றால் உள்ளூரில் நன்றாகப் பராமரிக்கும் தியேட்டரே போதும். இரவுக் காட்சிக்கு சேலம் போகிறவர்கள், படம் முடிந்து புது பஸ் ஸ்டாண்ட் வரும் நேரத்தில் ஊருக்கு பஸ் இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.